மைக் நின்ற ஜீப்

அம்சவள்ளியைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் அவள் தொண்டையில்தான் ஆரம்பிப்பார்கள். நைனார்பாளையத்தில் பிறந்தவள். சின்ன வயதில் கொல்லையில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால், ஏரிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கும் அவள் அப்பா நிமிர்ந்து பார்ப்பார். கூடவே மாடும் பார்க்கும். பெண் பார்க்க வந்த வீட்டார், "பொண்ணு பேச்சு கொஞ்சம் ஜாஸ்தி சத்தமா இருக்குது" என்று முகம் சுளித்தார்கள். மாப்பிள்ளை தனசேகரன் மட்டும் சுளிக்கவில்லை. அவன் கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய ஜீப்பை வைத்துக்கொண்டு மைக் செட் தொழில் செய்துகொண்டிருந்தான். சத்தத்தின் அருமை சத்தம் விற்கிறவனுக்குத்தானே தெரியும்.

கல்யாணமான மறுவருஷம் டூரிங் டாக்கீஸில் படம் மாற்றின நாளன்று, விளம்பரம் சொல்கிற ஆளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. தனசேகரன் தானே மைக்கைப் பிடித்தான். அவன் குரல் தகரத்தில் ஆணி கீறினது போல இருக்கும். இரண்டு தெரு தாண்டுவதற்குள் நாய்கள் பின்தொடர ஆரம்பித்துவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்சவள்ளி பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க வண்டிய ஓட்டுங்க" என்று மைக்கை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

சின்னசேலம், சங்கராபுரம், திருநாவலூர் என்று அந்த ஜீப் போகாத ஊர் கிடையாது. பொம்பளை ரோட்டில் உட்கார்ந்து கத்துகிறாள் என்று பேசியவர்கள், தங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஜீப்பின் பின்பக்கத்தில் மஞ்சள் பெயின்டில் பெரிதாக எழுதி வைத்திருந்தாள்: 'அம்சா சவுண்ட் சர்வீஸ். ஒரு நாளும் நின்றதில்லை.'

அந்தக் கடைசி வரி சும்மா வாய்ச்சவடால் இல்லை. மைக் செட் தொழிலில் மைக் பாதியில் சாவதைப் போல அவமானம் வேறு எதுவும் இல்லை. தாலி கட்டுகிற நேரத்தில் நாதஸ்வரம் நின்றுபோனால், அந்த ஊரில் அந்த செட்காரனுக்கு அப்புறம் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஃபியூஸாகத்தான் இருக்கும். அதற்கு எல்லோரிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை எடுத்து, செத்துப்போன ஃபியூஸின் மேல் சுற்றித் திணித்தால், கண்மூடித் திறப்பதற்குள் மைக் பேச ஆரம்பித்துவிடும். தனசேகரன் பீடிகூடத் தொடாதவன். ஆனால் அம்சவள்ளியின் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையில் வெற்றிலை பாக்கு இருக்க வேண்டிய இடத்தில் மடித்து மடித்து வெள்ளித்தாள்தான் இருந்தது. டீக்கடை வாசலில் கூச்சமில்லாமல் குனிந்து பொறுக்குவாள். அந்தப் பை இருக்கும் தைரியத்தில்தான் ஜீப்பின் பின்னால் அந்த வரி நின்றது.

எண்பத்தேழாம் வருஷம் வந்தது. அம்சவள்ளியின் ஜனங்கள் படிப்பிலும் வேலையிலும் தங்களுக்குத் தனியாக இடம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டு ஊர் ஊராகக் கூட்டம் நடந்துகொண்டிருந்த காலம். செப்டம்பரில் ஒரு வாரம் முழுக்கச் சாலை மறியல் என்று முடிவானது. கச்சிராயபாளையம் சாலைப் பக்கத்து ஊர்களைக் கவனித்துக்கொண்டவர் ராமசாமி. கரும்பும் நெல்லும் போடுகிற விவசாயி, பேச்சு கம்மி. அவர் வந்து அம்சவள்ளியைக் கேட்டபோது அவள் இரண்டாவது வார்த்தை பேசவில்லை. அவள் பெண் செந்தமிழ்ச்செல்வி அப்போது எட்டாம் வகுப்பில் முதல் ஆளாக வந்துகொண்டிருந்தாள்.

"கத்துறது என் தொழிலுங்க. இந்த ஒரு வாரம் தொழிலுக்குக் கத்தல, எம் பொண்ணுக்காகக் கத்துறன்" என்றாள்.

ராமசாமி தலையாட்டினார். போகும்போது ஒன்று மட்டும் சொன்னார். "நடுவுல நிக்கக் கூடாதும்மா. அத்தினி ஜனம் ரோட்ல குந்திக்கினு இருக்கும்போது மைக்கு செத்துதுன்னா, இன்னாவோ ஏதோன்னு கூட்டம் கலைஞ்சிடும். ஒரு தடவ நின்னாலும் நான் வேற செட்டு வச்சிக்குவன். கோவிச்சிக்கக் கூடாது."

"எம் மைக்கு நிக்கறதாவது! வண்டிக்குப் பின்னால எழுதியிருக்கறதப் படிச்சிட்டுப் போங்க."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு கூம்புக் குழாயும் அத்தனை பெரிய கூட்டத்துக்குப் போதாது என்று அவளுக்கே தெரியும். பாண்டிச்சேரிக்குப் போய்ப் பெரிய ஆம்ப்ளிஃபயராக வாங்கி வந்தார்கள். நான்கு குழாய்கள். பழைய ஒயரிலேயே மாட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். அவள் பாதிச் சத்தத்தில் பேசும்போதே ஒயர் தொட்டால் சுட்டது. மேல் உறை இளகி விரலில் ஒட்டியது. தனசேகரன் மூக்கைச் சுளித்து மோந்து பார்த்துவிட்டு வண்டியை நேராகத் துருகம் சாலைக்கு விட்டான்.

அங்கே கலீலுல்லாவின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை. கலீலுல்லாவுக்கும் அம்சவள்ளிக்கும் வயது கிட்டத்தட்ட ஒன்றுதான், தற்பெருமையும் ஒன்றுதான். தன் கைபட்ட வண்டி வழியில் நின்றதாகச் சரித்திரமே இல்லை என்று அவன் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வான். இப்படி இரண்டு பேர் ஒரே பட்டறைக்குள் நின்றால் மூன்றாவது ஆளுக்கு அங்கே என்ன வேலை? தனசேகரன் டீ குடிக்கப் போய்விட்டான்.

"ஒயரு இன்னா தடிமன்னு நீங்களே பாத்துப் போடுங்க பாய்" என்று ஆரம்பித்தாள் அம்சவள்ளி. "ஆனா பியூசு மட்டும் போவாத பியூசா இருக்கணும்."

"போவாத பியூசா? அதோ ஆணி கெடக்குது, அத வச்சித் தரட்டுமா? ஆயுசுக்கும் போவாது."

"கிண்டலு வேணாம். நான் பேசிக்கினு இருக்கும்போது பாதியில நிக்கக் கூடாது."

"போவறதுக்குன்னே பொறந்த சாமானும்மா அது. அதப் போவக் கூடாதுன்னா எப்பிடி?" கலீலுல்லா புது ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பார்த்தான். "இது முழுசா கத்தினா இருபது ஆம்ப் இழுக்கும். நான் போடற ஒயரு நாப்பது தாங்கும்."

"அப்ப நாப்பதே போடுங்க."

"நாப்பது போட்டா ஒயரும் பியூசும் ஒண்ணா எரியும். பியூசு ஆம்ப்ளிஃபயருக்குக் காவல் இல்லம்மா, ஒயருக்குக் காவல். காவக்காரன் முன்னாடி விழணும், வூடு அப்புறம்."

அம்சவள்ளி யோசித்தாள். எதையும் வாய்விட்டுத்தான் யோசிப்பாள். "இருபது போட்டா நான் கொரல ஒசத்தும்போதெல்லாம் போயிடும். நாப்பது போட்டா ஒயருக்கு ஆபத்து. அப்ப முப்பது போடுங்க."

கலீலுல்லாவின் கையில் அப்போதே முப்பது ஆம்ப் ஃபியூஸ் இருந்தது. சின்ன கண்ணாடிக் குழாய், உள்ளே மெல்லிய தகடு. தான் சொல்லி அசத்த வேண்டும் என்று வைத்திருந்ததை அவள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த சண்டை, அந்த ஃபியூஸை எங்கே வைப்பது என்று. முன் சீட்டுக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து மாற்றிவிடலாம் என்றாள் அவள். பானெட்டுக்குள், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் வைப்பேன் என்றான் அவன்.

"நடுரோட்ல பானெட்டத் தொறந்து வச்சிக்கினு நிக்கச் சொல்றீங்களா? ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும். நீயே பாரு" என்று கலீலுல்லா ஒரு பழைய பேட்டரியைப் பட்டறை வாசலுக்கு இழுத்துப் போட்டான். பேட்டரியிலிருந்து ஒரு துண்டு ஒயரை நீட்டி, அவள் சொன்னபடி அதன் கடைசி முனையில் ஃபியூஸை மாட்டினான். நடுவில் ஒயரைச் சீவி, செம்பை ஒரு இரும்புத் தகட்டில் தொட வைத்தான். தகட்டின் மறுபக்கம் பேட்டரியின் இன்னொரு முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒயர் நெளிந்தது, புகைந்தது, உறை சொட்டுச் சொட்டாக உருகித் தரையில் விழுந்தது. முனையில் இருந்த ஃபியூஸ் மட்டும் கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் போல ஒன்றும் தெரியாமல் பளபளவென்று இருந்தது.

"கரண்டு அது கிட்ட போவவே இல்ல. அப்புறம் அது எப்பிடி சாவும்?" என்றான். வேறு ஒயர் எடுத்து, இந்தத் தடவை ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்தில் மாட்டி, அதே போலத் தொட வைத்தான். பட்டென்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. ஒயரைத் தொட்டுப் பார்த்தாள் அம்சவள்ளி. சூடே இல்லை.

கலீலுல்லா அதோடு விடவில்லை. ஆள் கிடைத்தால் விடுகிறவனா? இன்னொரு ஃபியூஸை மாட்டி லாரி ஹெட்லைட் பல்புகளை ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கவிட்டு, பாரம் ஏற ஏற அந்தத் தகடு மெல்ல இளகி நடுவில் அறுவதைக் காட்டினான். இதில் கண்ணாடி கறுக்கவில்லை. வெள்ளையாகவே இருந்தது.

"ரெண்டு சாவும் வேற வேற. வெளுத்து செத்துதுன்னா உன் சத்தம் ஜாஸ்தின்னு அர்த்தம். கம்மி பண்ணிக்கினு வேற போடு. கறுத்து செத்துதுன்னா ஒயரு எங்கியோ தகரத்தக் கடிச்சிருக்குது. அப்ப புதுசு போட்டாலும் அதுவும் கறுக்கும்."

அம்சவள்ளி ரொம்ப நேரம் அந்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "பேட்டரிகிட்டயே வையுங்க" என்றாள். தோற்றுப்போன முகமாக இல்லை. தானே கண்டுபிடித்தது போன்ற முகம்.

வண்டிக்குப் புது ஒயர் இழுத்தார்கள். தகரத்தைத் தாண்டும் ஓட்டையிலெல்லாம் ரப்பர் வளையம் போட்டான் கலீலுல்லா. மாற்று ஃபியூஸ் ஒன்றைத் தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தான். கையோடு சுருக்குப் பையைக் காட்டி, "அந்த ஜிகினா பேப்பரெல்லாம் இங்கியே குடுத்துட்டுப் போம்மா" என்றான்.

"அதக் குடுக்க மாட்டன். அவசரத்துக்கு அதான் தெய்வம்."

டீ குடித்துவிட்டு வந்த தனசேகரன், கறுத்துப்போன ஃபியூஸ் பட்டறை வாசலில் கிடப்பதைப் பார்த்தான். புது வேலைக்கு முன்னால் ஒன்று வெடித்துக் கறுத்தது என்றால் திருஷ்டி கழிந்தது என்றுதானே அர்த்தம்? அதைப் பத்திரமாக எடுத்து, சிவப்பு நூலில் கட்டி, கண்ணாடிக்கு முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டான். கலீலுல்லா சிரித்த சிரிப்பு பக்கத்துப் பஞ்சர் கடை வரைக்கும் கேட்டது.

மறியல் வாரம் வந்தது. கச்சிராயபாளையம் சாலையில் கூப்பிடு தூரத்துக்கு ஒன்றாகப் புளியமரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. நிழல் தந்த மரம் என்று அம்சவள்ளிக்கு மனசு கேட்கவில்லை. அதை ராமசாமியிடம் சொல்லவும் செய்தாள். ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஆணும் பெண்ணுமாக. நடவு வயலிலிருந்து நேராக வந்த பெண்கள்தான் அதிகம். போராட்ட வண்டி என்பதால் ஜீப்புக்கு மட்டும் ஆட்கள் கூடி மரத்தை உருட்டி வழிவிட்டார்கள். பிறகு பழையபடி உருட்டி வைத்தார்கள். ஒரு தடவை உருட்டுவதற்குள் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டிவிடும்.

அம்சவள்ளியின் குரல் அந்த வாரம் எப்படி இருந்தது என்று கேட்டவர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நான்கு குழாயும் அதிர்ந்தன. மலையடிவாரத்தில் மோதித் திரும்பி வந்தது. "எங்க புள்ளைங்களுக்கு ஒரு எடம்" என்று அவள் சொன்னால், குந்தியிருந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஃபியூஸ் அசையவில்லை. ஒயர் சுடவில்லை. அவளுக்கு மண்டை கொஞ்சம் கனத்துவிட்டது என்றே சொல்லலாம்.

பாதி வாரம் கடந்திருந்தது. பெட்ரோல் பங்குகள் மூடிவிட்டதால் தனசேகரன் இரண்டு இரும்பு கேன்களில் பெட்ரோல் பிடித்து ஜீப்பின் பின்பக்கம் வைத்திருந்தான். மலைக்குப் போகும் பக்கத்தில் கடைசி மரத்தின் அருகே வண்டி நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மலைப்பாதைப் பக்கமிருந்து நான்கு பேர் ஓட்டமும் நடையுமாக டோலி தூக்கி வந்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கியவர்கள். டோலியில் படுத்திருந்தவள் பெரியம்மாள். மரவள்ளிக்குக் களை வெட்டும்போது காலில் பாம்பு கடித்திருந்தது. கண் பாதி மூடிக்கிடந்தது. அவள் புருஷன் டோலியை இறக்காமலே கையெடுத்துக் கும்பிட்டான்.

"பஸ்ஸு ஓடும்னு நெனச்சி எறங்கிட்டோம் சாமி. பெரியாஸ்பத்திரிக்கு எப்பிடியாச்சும் அனுப்புங்க."

ராமசாமி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஜீப்புல ஏத்துங்க!" என்றார். "அம்சா, நீ மைக்குல சொல்லு. முன்னாடி இருக்கறவங்க இப்பவே மரத்த உருட்டி வைக்கட்டும். வண்டி நிக்காம போவணும்."

ஆட்கள் ஜீப்பின் பின்பக்கம் ஏறினார்கள். கேன்களையும் சாமான்களையும் அவசர அவசரமாக ஓரமாகத் தள்ளி இடம் பண்ணிப் பெரியம்மாளைப் படுக்க வைத்தார்கள். அம்சவள்ளி மைக்கை வாயருகே கொண்டுபோனாள். வழியில் இருக்கும் அத்தனை மரமும் அவள் கண்முன் வந்தது. ஒவ்வொன்றாக நின்று, சொல்லி, உருட்டி, போய்ச் சேருவதற்குள் இந்தப் பெண் இருப்பாளா?

"மலையிலேருந்து பாம்பு கடிச்ச அம்மா ஒருத்தி..."

அவ்வளவுதான். மைக் செத்தது.

தன் குரல் வெறும் குரலாகக் காதில் விழுந்தபோது அம்சவள்ளிக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. இத்தனை வருஷத்தில் நடக்காதது. அதுவும் இந்த நேரத்தில். இறங்கி ஓடிப் பானெட்டைத் திறந்தாள். ஃபியூஸை உருவினாள். கண்ணாடி கறுத்திருந்தது.

"வேற போடும்மா, சீக்கிரம்!" என்று ராமசாமி கத்தினார். தீப்பெட்டியிலிருந்து மாற்று ஃபியூஸை எடுத்துக் கூட்டில் வைத்து மூடினாள். மூடின கையோடு பட்டென்றது. அதுவும் கறுப்பு.

இனி மீதி இருந்தது சுருக்குப் பைதான். கை தானாகவே இடுப்புக்குப் போனது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்த வைத்தியம் தெரியும். "ஜிகினா பேப்பரு இருந்தா சுத்துக்கா! சுத்தி உள்ள தள்ளு!" என்று நாலு பக்கமிருந்தும் குரல். வெள்ளித்தாள் விரலுக்கு வந்துவிட்டது. சுற்ற எவ்வளவு நேரம் ஆகும்? சுற்றினால் மைக் பேசும். பேசினால் மரம் விலகும். மரம் விலகினால் இந்த மலைக்காரி பிழைப்பாள். கணக்கு அவ்வளவு சுலபமாகத்தான் தெரிந்தது.

பானெட்டின் ஓரமாக நிமிர்ந்தபோது முன்கண்ணாடிக்குப் பின்னால் எலுமிச்சம்பழத்தின் பக்கத்தில் தனசேகரன் கட்டிவிட்ட திருஷ்டி ஃபியூஸ் ஆடிக்கொண்டிருந்தது. அதே கறுப்பு. பட்டறை வாசலில், ஒயர் தகரத்தைக் கடித்தபோது செத்த கறுப்பு. கையில் இருந்த இரண்டையும் பார்த்தாள். மூன்றும் ஒரே சாவு.

ஒயர் எங்கேயோ தகரத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது. ஃபியூஸ் அதைப் பார்த்துவிட்டுச் செத்திருக்கிறது, இரண்டு தடவை. வெள்ளித்தாளுக்குச் சாகத் தெரியாது. அது தாங்கும், ஒயர் எரியும். ஒயர் போகும் வழியில் பெட்ரோல் இருக்கிறது. பெரியம்மாள் படுத்திருக்கிறாள். மரத்துக்கு இந்தப் பக்கம் ஓடுகிற வண்டி இது ஒன்றுதான்.

அம்சவள்ளி ஃபியூஸ் கூட்டைக் காலியாகவே விட்டுப் பானெட்டை அறைந்து சாத்தினாள்.

"மைக்கு பேசாது" என்றாள். "ஆனா வண்டி ஓடும். வண்டி லைனு வேற. பின்னால கேனுங்கள எறக்குங்க மொதல்ல."

"இன்னாம்மா சொல்ற, இந்நேரத்துல..." என்று ராமசாமி ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் கேனைத் தூக்கினவன், "ஐயோ!" என்றான். தள்ளின வேகத்தில் கேனின் இரும்பு விளிம்பு ஒயர் மேல் ஏறி அதைத் தரைத்தகட்டோடு நசுக்கி வெட்டியிருந்தது. செம்பு மினுமினுத்தது. கேன் மூடி வழியாகக் கசிந்த பெட்ரோலில் அந்த இடமே ஈரமாக இருந்தது. சுற்று சுற்று என்றவர்களே ஓடி வந்து இரண்டு கேனையும் இறக்கினார்கள்.

அம்சவள்ளி அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சாலையில் கிடந்த புளியமரத்தின் மேல் ஏறி நின்றாள். நைனார்பாளையத்தில் நடவு நாளில் நாற்றுக்கட்டு கேட்டு ஒரு வயலிலிருந்து குரல் கிளம்பும். அடுத்த வயலில் இருப்பவள் அதையே வாங்கிச் சொல்வாள், அதற்கடுத்தவள் அதையே. நாற்றங்காலில் இருப்பவன் காதுக்கு அது போய்ச் சேர்ந்துவிடும். மைக்குக்கு முன்னால் அவளிடம் இருந்தது அதுதான். சாலையில் குந்தியிருக்கும் பெண்களுக்கும் அது தெரியும்.

இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"மரத்த உருட்டு! பாம்புக்கடி வருது!"

கூப்பிடு தூரத்தில், அடுத்த மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"கேட்டவ அடுத்தவளுக்குச் சொல்லுடி! மரத்த உருட்டு! பாம்புக்கடி வருது!"

அந்தப் பெண் திரும்பிக் கையைக் குவித்தாள். அவள் குரல் கேட்டது. அதற்கப்பால் இன்னொரு குரல், கொஞ்சம் மெலிந்து. அதற்கப்பால் இன்னொன்று. பிறகு காதுக்கு எட்டவில்லை. ஆனால் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. அம்சவள்ளி மரத்திலிருந்து குதித்து, பின்னால் ஏறி, பெரியம்மாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ராமசாமியே முன்னால் நின்று மரத்தைத் தோள் கொடுத்து உருட்டினார்.

தனசேகரன் ஓட்டினான். அடுத்த மரத்தடிக்குப் போனபோது மரம் ஓரமாகக் கிடந்தது. அதற்கடுத்த மரத்தடியில் ஆட்கள் உருட்டி முடித்து நெஞ்சு ஏறி இறங்க நின்றுகொண்டிருந்தார்கள். அதற்கப்பால் எல்லாமே திறந்திருந்தது. குரல் ஜீப்பை முந்திப் போய்விட்டிருந்தது. சாலையோரம் முழுக்கப் பெண்கள் குவித்த கையை இன்னும் இறக்காமல் நின்றார்கள். முகம் தெரியாத பெண்கள். ஒருத்தியும் கூலிக்குக் குரல் கொடுத்தவள் இல்லை. எல்லோர் வாயிலும் அவள் வார்த்தை. கள்ளக்குறிச்சி எல்லையில் இருந்த கூட்டம் கொஞ்சம் முரட்டுக் கூட்டம். எந்த வண்டிக்கும் அசையாது என்று பேர் வாங்கினது. அவர்களும் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று, "போ, போ" என்று கையை வீசினார்கள்.

அம்சவள்ளிக்கு அழுகை வந்தது. வருத்தத்தில் இல்லை. அந்தச் சாலையில் அன்றைக்குத் தன் ஜனத்தைப் பார்த்ததில் அவளுக்கு அத்தனை பெருமை. இந்த ஜனம் கேட்கிறதைக் கொடுக்காமல் போய்விடுவார்களா என்று நினைத்தாள்.

பெரியாஸ்பத்திரியில் பெரியம்மாளை உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம் வெளியே வந்த நர்ஸ், "கண்ணு முழிச்சிட்டாங்க" என்றாள். கூட வந்திருந்த பெரியம்மாளின் புருஷன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்சவள்ளி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், காற்றுதான் வந்தது. தொண்டை முழுசாகக் கட்டிப்போயிருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாகத் தனசேகரன் அவளை விடச் சத்தமாகப் பேசின நாள் அது. அவன் அதை ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மறுநாள் ஜீப் துருகம் சாலைக்குப் போனது. கலீலுல்லா நசுங்கின ஒயரைப் பார்த்தான். கறுத்த ஃபியூஸ்களைப் பார்த்தான். வெட்டுப்பட்ட ஒயரை உருவிப் போட்டுவிட்டுப் புதுசை எடுத்தான். அம்சவள்ளி சுருக்குப் பையை அவிழ்த்து, இருந்த வெள்ளித்தாளையெல்லாம் அவன் மேஜை மேல் கொட்டினாள்.

"முப்பது தானே?" என்றான் அவன்.

"முப்பதே" என்றாள், இன்னும் கரகரத்த குரலில். "பேட்டரிகிட்டயே."

அதற்குப் பிறகு அவன் வாய் ஓயவில்லை. பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவனிடமும் அந்த ஃபியூஸ் கதையைச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அதில் அவன் பங்கு கொஞ்சம் பெருகிக்கொண்டே போனது. அம்சவள்ளி தடுக்கவில்லை. அவன் செய்த வேலையால்தானே ஜீப் எரியாமல் தப்பியது?

ராமசாமி வந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் அம்சவள்ளியே முந்திக்கொண்டாள். "நின்னா வேற செட்டுன்னு சொன்னீங்க. நின்னுச்சு. நான் கோவிச்சிக்க மாட்டன்."

"எனக்கு அறிவு கம்மிம்மா, அப்பிடிச் சொல்லிட்டன்" என்றார் ராமசாமி. "தொண்ட சரியானதும் வா. மீதி நாளும் நீதான்."

மறியல் முடிந்தது. கேட்டது உடனே கிடைத்துவிடவில்லை. இன்னும் எத்தனையோ கூட்டம், எத்தனையோ நடை. எல்லாவற்றிலும் அந்த ஜீப் இருந்தது. அடுத்த வருஷம் மலையில் திருவிழாவுக்கு மைக் வேண்டும் என்று வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஆட்கள் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினார்கள். கூட ஒரு பெண், தலையில் பலாப்பழம். பஸ் நிலையத்தில் இருந்த வேறு செட்காரர்கள் சூழ்ந்துகொண்டு, தங்கள் செட் நிற்கவே நிற்காது என்று சத்தியம் பண்ணினார்கள். அந்தப் பெண் பெரியம்மாள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எங்களுக்கு நிக்காத மைக்கு வேணாம். மைக்கு நின்ன ஜீப்பு எங்க நிக்கும்? அதச் சொல்லுங்க" என்றாளாம்.

இது அம்சவள்ளி காதுக்கு வந்தது. அன்றைக்கே பெயின்டரைக் கூட்டிக்கொண்டு வந்து ஜீப்பின் பின்பக்கத்தைக் காட்டினாள். என்ன எழுத வேண்டும் என்று அவள் சொன்னதும் பெயின்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டான்.

"இன்னாக்கா இது? நின்னுதுன்னு எழுதினா எவன் கூப்பிடுவான்? பொழப்பு கெட்டுடும்."

"எழுதுடா."

அவன் முணுமுணுத்துக்கொண்டே பழைய வரியை அழித்தான். மஞ்சள் பெயின்டில் புது வரி எழுதினான்: 'அம்சா சவுண்ட் சர்வீஸ். ஒரு நாள் நின்றது.'

"எந்த நாளுன்னு எல்லாரும் கேப்பாங்களே" என்றான்.

"கேக்கட்டும்" என்றாள் அம்சவள்ளி. "நான் சொல்றன்."